இனமா, அரிசியா?

ஜொகூரின் யோங் பெங்கில் இனிப்புநீர் (நீரிழிவு) பற்றி யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் கடைசியில் ஒரே பதில்தான் வரும்: "நம்ம ஆளுங்களுக்கு அது ரத்தத்துலயே இருக்கு." தாத்தாவுக்கு இருந்தது, அம்மாவுக்கு இருந்தது, இப்போது எனக்கு. இதைச் சொல்லிவிட்டு அரசாங்கக் கிளினிக்கில் கொடுத்த மாத்திரைப் பையை மடித்து வைத்துக்கொள்வார்கள். புள்ளிவிவரமும் அவர்கள் பக்கம் நிற்பதாகவே தோன்றும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார, நோய்ப் பாதிப்பு ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியே எடுத்தால் 31 விழுக்காட்டுக்கும் மேல்.

இனத்தைச் சொல்லி நோயை விளக்கும் பழக்கம் இந்த மண்ணில் நூறு ஆண்டுகளுக்கு மேல் பழையது. அது ஒருமுறை பலத்த அடி வாங்கியதும் இதே மண்ணில்தான். பல்கலைக்கழகங்களில் 'உடல்நலமும் சமூகமும்' என்று இன்று ஒரு படிப்பு நடக்கிறதே, அதன் முதல் பாடத்தை மலாயாவிலிருந்து எடுப்பதென்றால் நான் பெரிபெரி என்ற நோயிலிருந்துதான் தொடங்குவேன்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் கும்பல் கும்பலாகப் பெரிபெரிக்குப் பலியானார்கள். முதலில் கால் மரத்துப்போகும். பிறகு வீக்கம், நடைத் தளர்ச்சி. முடிவில் இதயம் நின்றுவிடும். பக்கத்திலேயே ரப்பர்த் தோட்டங்களிலும் ரயில்பாதை வேலையிலும் இருந்த தமிழர்களை இந்த நோய் அநேகமாகத் தொடவில்லை. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் அவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றன. பெரிபெரி மட்டும் விலகி நின்றது. ஈரமண், கிருமி, நெரிசல் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இந்த இனத்துக்கு வரும், அந்த இனத்துக்கு வராது என்று சொல்லிவிட்டுப் போவது எல்லாவற்றையும்விட எளிதாக இருந்தது.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன் என்பவர் ஆட்களை விட்டுவிட்டு அவர்கள் தட்டைப் பார்த்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கல் அரிசி. கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லைத் தாங்களே குத்திச் சமைத்தார்கள். அவர்களுக்கும் நோய் இல்லை. அதே மலாய்க்காரர் சயாம் அரிசிக்கு மாறினால் நோய் வந்தது. 1907இல் பிராடன் இதை ஒரு தடித்த புத்தகமாகவே வெளியிட்டார். பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு ஊறுகிறது என்பது அவர் முடிவு. காரணம் தவறு, ஆனால் குற்றவாளி அரிசிதான் என்று காட்டியது சரி.

பிராடனின் கருத்தைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெச்சர். கோலாலம்பூர் மனநோய் விடுதியில் 1905இன் இறுதியில் தொடங்கி ஓராண்டுக்கு மேலாக நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குப் பச்சரிசிச் சோறு, மற்றதற்குப் புழுங்கல் அரிசிச் சோறு. பச்சரிசிப் பிரிவில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் ஒருவரும் இல்லை. அதன் பிறகு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டான்டனும் நெகிரி செம்பிலான் காட்டுக்குள் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடம் இதே சோதனையைச் செய்தார்கள். பச்சரிசி தின்ற கூட்டத்தில் நோய் வந்தது. அரிசியை மாற்றியதும் நின்றது. இடத்தில்தான் ஏதோ தொற்று இருக்கிறதோ என்று கூட்டங்களை இடம் மாற்றியும் பார்த்தார்கள். நோய் இடத்தைப் பற்றிக்கொள்ளவில்லை, அரிசியின் பின்னாலேயே போனது. தீட்டும்போது தவிட்டோடு எதையோ தள்ளிவிடுகிறோம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். அந்த 'எதையோ'வை 1926இல் ஜாவாவில் இரண்டு டச்சு வேதியியலர்கள் பிரித்தெடுத்தார்கள். இன்று நாம் அதைத்தான் வைட்டமின் பி1 என்கிறோம்.

நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் இந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. கொல்லையில் அண்டா வைத்து நெல் அவித்த தஞ்சாவூர், வடஆற்காட்டுப் பெண்களுக்கு வைட்டமின் தெரியாது. ஆனால் அந்த வேலைதான் கடல் கடந்து போன தம் பிள்ளைகளை ஒரு கொடிய நோயிலிருந்து காத்தது. இதில் தமிழர் பெருமை பேச ஒன்றுமில்லை. சீனர் உடம்பில் குறை காணவும் ஒன்றுமில்லை. யார் எந்த அரிசியைத் தின்பது என்பதை ரங்கூன், பாங்காக், மதராஸ் கப்பல் வணிகமும், தோட்டத்தில் துரையும், சுரங்கத்தில் முன்பணம் கொடுத்து மளிகையும் விற்ற முதலாளியும் முடிவு செய்தார்கள். பதிவேட்டில் 'இனம்' என்று இருந்த பத்திக்குப் பின்னால் ஒளிந்திருந்தது அரிசி. அரிசிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது கடைக்கணக்கு.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பெரிய கண்டுபிடிப்புக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் மனநோய் விடுதியில் அடைபட்டவர்களும் ஒப்பந்தத்தில் கட்டுண்ட கூலிகளும்தான். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மருத்துவ வரலாற்றை எழுதுபவர்கள் இந்தச் சோதனைகளின் நேர்த்தியைப் பாராட்டும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை.

மலேரியாவின் கதையும் பக்கத்திலேயே கிடக்கிறது. 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பை வடித்து, காட்டை வெட்டிக் காய்ச்சலைக் குறைத்தார். கடலோரத் தோட்டங்களில் அது பலித்தது, ஏனென்றால் அங்கே நோயைப் பரப்பிய கொசு நிழல் படர்ந்த காட்டுக் குட்டையில் வளர்வது. அதே வைத்தியத்தை மலையடிவாரத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் ஏறியது. அங்கிருந்த கொசு வேறு. வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் அது முட்டையிடும். ரப்பர் நடுவதற்காகக் காட்டை அழித்து ஓடைகளை வெயிலுக்குத் திறந்துவிட்டதே அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரி ஆயிற்று. கூட்டரசு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் 1911இல் தொழிலாளர் இறப்பு ஆயிரத்துக்கு 60க்கும் மேல். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், காய்ச்சலில் செத்தவர்களிலும் பெரும்பாலோர் தமிழர்கள். அதன் பிறகு வந்த தொழிலாளர் சட்டங்கள் தோட்ட ஆஸ்பத்திரியையும் டிரெசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரையும் கட்டாயமாக்கின. மனம் இரங்கி வந்ததல்ல அந்தச் சட்டம். கப்பல் செலவு கொடுத்து அழைத்து வந்த ஆள் ஆறு மாதத்தில் செத்தால் துரைக்கு நட்டம்.

இவை எல்லாவற்றிலும் கேள்வி கேட்டவர் துரையோ அரசாங்கமோதான். உற்பத்தி குறையாமலிருக்க என்ன செய்யலாம் என்பதே கேள்வி. தொழிலாளியே தன் உடம்பைப் பற்றிக் கேள்வி கேட்ட தருணங்கள் ஆய்வேட்டில் பதிவாகவில்லை. வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் பதிவாகியிருக்கின்றன. 1941இல் ஆர்.எச். நாதனின் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் எழுந்தபோது, சம்பள உயர்வோடு ஒழுங்கான வைத்தியமும் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடு என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க மாட்டோம் என்றார்கள். வைத்தியமும் கள்ளும் மரியாதையும் ஒரே தாளில். உடல்நலத்துக்கும் சமூகத்துக்கும் என்ன உறவு என்பதை அதைவிடத் தெளிவாகச் சொன்ன பாடநூலை நான் பார்த்ததில்லை.

யோங் பெங்குக்கு வருவோம். பத்து பகாட் மாவட்டத்தில், கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் பழைய சாலையில் இருக்கிறது இந்த ஊர். சிங்கப்பூர் விரைவுப் பேருந்துகள் சாப்பாட்டுக்கு நிற்கும் இடமாகத்தான் பலருக்கு இதைத் தெரியும். ஊருக்குள் ஹொக்சியூ சீனர் அதிகம். சுற்றிலும் தோட்டம், முன்பு ரப்பர், இப்போது செம்பனை. கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில் இந்த வட்டாரம் கிளர்ச்சியாளர்களின் வலுவான களங்களில் ஒன்று. வேலி போட்ட புதுக்கிராமங்களில் சீனர்களைக் குடியேற்றினார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களையும் (வரிசை வீடுகளையும்) ஒன்றுகூட்டி முள்கம்பிக்குள் கொண்டுவந்தார்கள். காட்டுக்குள் இருந்தவர்களுக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் ஜொகூரின் சில பகுதிகளில் வீட்டில் அரிசி வைத்திருக்கவே தடை. பொதுவில் ஆக்கிய சோற்றைத்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். பிராடன் காலத்தில் அரிசியைப் பார்த்தவர் மருத்துவர், இம்முறை ராணுவம்.

சுதந்திரத்துக்குப் பிறகு மலேசியா கட்டியெழுப்பிய கிராமச் சுகாதாரச் சேவையை உலகமே பாராட்டியது. கிளினிக் டேசா என்ற கிராம மருத்துவ நிலையங்கள், மருத்துவச்சிகள், தாய்சேய் நலம் எல்லாம் மலிவாகவும் அருகிலும் கிடைத்தன. ஆனால் அது கம்பத்தை மனதில் வைத்துப் போட்ட திட்டம். தோட்டம் தனியார் நிலம். அங்கே இருப்பவர்களின் உடம்பு நிர்வாகத்தின் பொறுப்பு என்று அரசு ஒதுங்கிக்கொண்டது. நிர்வாகமோ டிரெசரோடு முடித்துக்கொண்டது. 'கிராமம்' என்ற கணக்கிலும் வராமல் 'நகரம்' என்ற கணக்கிலும் வராமல் தோட்டப்புறம் பல பத்தாண்டுகள் இடையில் நின்றது. 1980களிலிருந்து தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் வீட்டுமனைகளாகியும் போனபோது, வேலையோடு வீடும், வீட்டோடு ஆயாக்கொட்டகையும் ஆஸ்பத்திரியும் ஒரே நாளில் கைவிட்டுப் போயின.

இந்த இடைவெளியில் ஒரு நல்ல ஆய்வு நடந்தது, பல்கலைக்கழகத்துக்கு வெளியே. ஐரின் பெர்னாண்டஸ் 1991இல் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு, களைக்கொல்லி தெளிக்கும் தோட்டப் பெண்களிடம் போய்க் கேட்டது. அடுத்த ஆண்டே அறிக்கையும் வந்தது. மருந்தடிக்கும் வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதுகில் மருந்துத் தோம்பு, ஒரு கையில் பம்பு, மறுகையில் குழாய். மூடி கசிந்தால் பாராகுவாட் என்ற களைக்கொல்லி முதுகு வழியே இறங்கிச் சட்டையை நனைக்கும். வெயிலில் முகமூடி போட்டு வேலை செய்ய முடியாது. போட்டாலும் அன்றைய கணக்கு முடியாது. நகம் கறுத்துக் கழன்று விழுவது, மூக்கில் ரத்தம், உடம்பில் கொப்புளம்: பெண்கள் சொன்னவை இவை. கிளினிக்கில் சொன்னால் தோல் அலர்ஜி என்று களிம்பு கிடைக்கும். நோயின் பெயர் தோலில் நின்றுவிட்டது, தோளில் தொங்கிய தோம்பு வரை போகவில்லை. பிறகு நடந்தது நீண்ட இழுபறி. 2002இல் அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல்தான் முழுத் தடை வந்தது. அதற்குள் மருந்தடித்த பெண்களின் ஒரு தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது.

பல்கலைக்கழகமும் இந்தப் பக்கம் வந்திருக்கிறது. யோங் பெங்கிலிருந்து வடக்கே லாபிஸ் சாலையில் போனால் சாஆ வரும். அதிலிருந்து சிகாமட் மாவட்டம். அந்த மாவட்டத்தில் 2011இல் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 'சீயாக்கோ' என்ற சமூகச் சுகாதார ஆய்வுத் தளத்தைத் தொடங்கியது. சாஆ, பெக்கோக் உட்பட ஐந்து முக்கிம்களில் சுமார் 40,000 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை, பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் பதிவு செய்கிறார்கள். மலாய்க்காரர், சீனர், இந்தியர், ஓராங் அஸ்லி எல்லோரும் இதில் உண்டு. வீடு வீடாகப் போய்க் கேட்பவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பிள்ளைகள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணாமல் வராதவர்களையும் எண்ணுவதுதான் இத்தகைய தளத்தின் பலம். ஜொகூரின் உள்நாட்டைப் பற்றி இவ்வளவு தொடர்ச்சியான கணக்கு முன்பு இருந்ததில்லை.

கணக்கு இருந்தால் மட்டும் போதாது. கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதில்தான் பாதிக்கு மேல் இருக்கிறது. வழக்கமான கேள்வித்தாளை எடுங்கள். "வாரத்தில் எத்தனை நாள் உடற்பயிற்சி செய்கிறீர்கள்?" நாள் முழுவதும் செம்பனைக் குலையை வெட்டித் தள்ளியவர் "இல்லை" என்பார், அவர் வாழ்நாளில் உடற்பயிற்சி செய்ததில்லை, உண்மைதான். "ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை சோறு?" எந்தக் கோப்பை? "இனிப்புப் பானம் அருந்துவீர்களா?" இல்லை என்று பதில் வரும். காலையிலும் பத்து மணிக்கும் மாலையிலும் குடிக்கும் கெட்டிப்பால் தேநீர் அவர் கணக்கில் பானம் இல்லை, தேத்தண்ணீர். இந்தக் கெட்டிப்பாலுக்கே தனி வரலாறு உண்டு. குழந்தைகளுக்கு அதைத் தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்றதைக் கொலை என்றே 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கூட்டத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் பேசினார். அந்த டின் தோட்டக் கடைக்கு வந்தது ருசிக்காக அல்ல. பசும்பாலைவிட மலிவு, ஐஸ்பெட்டி இல்லாமலும் கெடாது, மாதச் சம்பளம் வரை கடனில் கிடைக்கும். இன்றும் சாப்பிடும் நேரத்தையும் சாப்பாட்டையும் முடிவு செய்வது நாக்கு மட்டும் இல்லை. ஜொகூர் பாரு வழியாகச் சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போகிறவர் விடியற்காலையில் வண்டி ஏறுகிறார். இரவு வேலை முடித்துக் காலையில் தூங்குகிறவருக்குக் கிளினிக் திறந்திருக்கும் நேரம் நடுச்சாமம் மாதிரி.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தெற்காசியர்களுக்கு எடை அதிகம் கூடாமலே நீரிழிவு வருகிறது என்பது பல நாடுகளில் நிறுவப்பட்ட செய்தி. ஆனால் அதோடு பேச்சை முடிக்க முடியாது. பிரிட்டனில் 1967இல் தொடங்கிய ஒயிட்ஹால் ஆய்வு, அரசாங்க அலுவலகத்து ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டது. நகரம் ஒன்று, வேலை தரும் அரசும் ஒன்று. பதவி இறங்க இறங்க இதயநோய்ச் சாவு ஏறியது. கடைநிலைப் பணியாளர்களின் இறப்பு விகிதம் மேலதிகாரிகளைவிடச் சுமார் மூன்று மடங்கு. அப்படியானால் மலேசியாவின் 31 விழுக்காட்டில், வழக்குரைஞர் வீட்டு இந்தியர் எத்தனை, லயத்திலிருந்து வந்து மலிவுவிலை அடுக்ககத்தில் குடியிருக்கும் இந்தியர் எத்தனை? அதே வருமானமுள்ள மலாய்க்காரரோடும் சீனரோடும் வைத்துப் பார்த்தால் இடைவெளி எவ்வளவு மிஞ்சும்? 'இனம்' என்ற பத்தியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு வருமானத்தையும் வேலை நேரத்தையும் பின்னிணைப்பில் தள்ளும் அறிக்கைகள் இந்தக் கேள்விகளை எழும்பவே விடுவதில்லை. அவற்றைப் படிக்கும் நாமும் "ரத்தத்துலயே இருக்கு" என்று மாத்திரையை விழுங்கிவிட்டுப் போகிறோம். பிராடனுக்கு முந்தைய மலாயாவில் நிற்கிறோம் என்பதே என் கருத்து.

இந்த இடத்தில்தான் பல்கலைக்கழகப் படிப்பு பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நம் குடும்பங்களில் 'ஹெல்த்' என்றால் டாக்டர்தான். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தை 1960களின் தொடக்கத்தில் கட்டியெழுப்பிய முதல் பீடத்தலைவர் டி.ஜே. தனராஜ் ஒரு தமிழர். அந்தப் பெருமை இன்னும் நம்மிடம் இருக்கிறது. மணிப்பாலுக்கும் இந்தோனேசியாவுக்கும் வீட்டை அடகு வைத்து அனுப்பிய அப்பாக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மருந்து எழுதும் தமிழ்க் கை நம்மிடம் ஏராளம். நோய் ஏன் இந்தத் தெருவில் கூடுகிறது, அந்தத் தெருவில் குறைகிறது என்று கேட்கப் படித்தவர்கள் மிகக் குறைவு. அந்தப் படிப்பு மலேசியாவில் பொதுச் சுகாதாரம், சமூக மருத்துவம், சமூகவியல், மானிடவியல் என்று பல துறைகளில் சிதறிக் கிடப்பதும் ஒரு காரணம். "அதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்ற அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. டாக்டர் சம்பளம் கிடைக்காது. அமைச்சிலும் ஆய்வுத் தளங்களிலும் தொண்டமைப்புகளிலும் வேலை உண்டு.

டாக்டராகப் போகிறவர்களுக்கும் இது தேவைதான். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களைச் சில வாரங்கள் கிராமத்தில் தங்கவைத்து வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொல்கிறார்கள். ஸ்டெதாஸ்கோப்பைத் தொடும் முன்பே குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, கடன் யாரிடம் என்று தெரிந்துகொள்கிறார்கள். நம் மருத்துவ மாணவர்களையும் இப்படி ஒரு செம்பனைத் தோட்டத்தில் தங்கவைத்தால் மருந்துச் சீட்டின் தோரணை மாறும்.

அங்கே அவர்கள் காணப்போவது தமிழர்களை மட்டுமல்ல. யோங் பெங் சுற்றுவட்டாரத்திலும் நாடெங்கும் செம்பனை வெட்டுபவர்களில் பெரும்பகுதி இப்போது இந்தோனேசியர், வங்காளதேசிகள், நேப்பாளிகள். நம் தாத்தாக்கள் இருந்த லயத்தில் அவர்கள் இருக்கிறார்கள்; நம் பாட்டிகள் சுமந்த தோம்பை அவர்கள் சுமக்கிறார்கள். அவர்கள் உடம்பைப் பற்றிக் கேட்கும் உரிமை நம்மைவிட வேறு யாருக்கும் அதிகமில்லை, ஏனென்றால் கேட்கப்படாமல் இருப்பது எப்படி என்று நமக்குத் தெரியும்.

ஆறாம் படிவ எஸ்.டி.பி.எம் தேர்வு முடித்து, அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பத்தை நிரப்பும் யோங் பெங் பிள்ளைகளே, மருத்துவத்துக்குக் கீழே உள்ள வரிசைகளையும் நிதானமாகப் படியுங்கள். சமூகவியலும் மானிடவியலும் அங்கே இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், படித்து முடித்ததும் முதல் கேள்வித்தாளை உங்கள் தோட்டத்துக்கே கொண்டு வாருங்கள்.